இரண்டாவது வணக்கம்

12 செப்டம்பர் 2006

அண்ணா,

இன்று இயக்குநர் ஃபூ கேட்டபோது, இருமுறை விழுந்து வணங்குவது இறந்தவர்களுக்கு என்று நான் சொல்லவில்லை.

இதை எழுதி முடித்த பிறகுதான் நலம் விசாரிக்கத் தோன்றுகிறது. முறை மாறிவிட்டது, பொறுத்துக்கொள். உன் முழங்கால் வீக்கம் வடிந்ததா? அப்பாவும் நானும் சுகம். அப்பாவுக்கு இருமல் விடிகாலையில் மட்டும் வருகிறது.

மாகாணத்திலிருந்து ஒரு படக்குழு வந்திருக்கிறது, கல்லறைக் காப்பகத்தில் வழிகாட்டியாக இருக்கும் என்னை எங்கள் தலைவர் லுவான் அந்தக் குழுவுக்கு உதவியாக அனுப்பியிருக்கிறார் என்று போன மாதம் எழுதினேன். படம் நம் பழைய கொரிய நாடான கோகுர்யோவின் அரசனைப் பற்றியது. அவன் சீனத்து வெய் பேரரசின் தூதர் முன்னால் விழுந்து வணங்கி, பட்டமும் முத்திரையும் வாங்கிக்கொள்ள வேண்டும். அந்த ஒரு காட்சிக்காகத்தான் மொத்தப் படமும். இந்த நிலமும் இங்கிருந்த மக்களும் ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே யாருக்கு அடங்கியிருந்தார்கள் என்பதை அது காட்டிவிடும். இதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. எல்லோருக்கும் தெரியும்.

அரண்மனை முற்றத்தை ஆற்றோரம், சோளம் அறுத்த நிலத்தில் போட்டிருக்கிறார்கள். அரசனுக்குப் பின்னால் விழுந்து வணங்குகிற குடிமக்கள் எல்லாம் நம் கிராமத்து ஆட்கள். அப்பா மூன்றாவது வரிசையில் ஒட்டுத்தாடியோடு நின்றார்.

முதலில் நடிகர் நான் சொல்லிக்கொடுத்தபடி ஒருமுறை வணங்கினார். ஃபூ திரையைப் பார்த்து முகம் சுளித்தார்.

“போதல. கட்டிலுக்கு அடியில செருப்பு தேடற மாதிரி இருக்கு.”

“மூணு வெச்சுக்கலாமா சார்?” என்றான் உதவியாளன்.

“மூணு செத்தவங்களுக்குய்யா. எங்கப்பாவ அடக்கம் பண்ணப்ப நான் போட்டது மூணு. தூதர் என்ன பொணமா?” சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். “ரெண்டு. ரெண்டுதான் கணக்கா இருக்கும். ஏம்மா ஹேரான், உங்க கொரிய ஆளுங்கள்ல ரெண்டு உண்டுல்ல?”

“உண்டு சார்,” என்றேன்.

அது பொய் இல்லை. உயிரோடு இருப்பவருக்கு ஒன்று, இறந்தவருக்கு இரண்டு. நம் வீடுகளில் நடக்கப் பழகிய குழந்தைக்கும் இது தெரியும். அவர் யாருக்கு என்று கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

அரசன் இரண்டாம் முறை எழுந்து மறுபடி விழுந்தபோது பின்வரிசையில் பக்கத்து வீட்டுப் ப்யோ மாமா மெல்லக் கேட்டது என் காதில் விழுந்தது. “யாருப்பா செத்தது?”

“பேசாம விழு,” என்றார் அப்பா.

ஒருவர் பாக்கியில்லாமல் விழுந்தார்கள். ஒருவரும் யாரையும் பார்த்துக்கொள்ளவில்லை. தூதராக நடித்தவர் மேடையில் கம்பீரமாக உட்கார்ந்து இரண்டு வணக்கத்தையும் வாங்கிக்கொண்டார்.

ஏன் சொல்லவில்லை என்று மாலையிலிருந்து யோசிக்கிறேன். துணிச்சல் என்று சொன்னால் என்னையே ஏமாற்றிக்கொள்வதாகும். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லிப் பழகிவிட்டேன் என்பதும் முழு உண்மை இல்லை. அந்தக் கணத்தில் எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாக இருந்தது. அதுதான் பயமாக இருக்கிறது.

இதை யாரிடமும் சொல்லிவிடாதே. கடிதத்தைப் பாங் அத்தையிடம்தான் கொடுத்தனுப்புகிறேன். மிளகாய்த்தூள் மூட்டையோடு கப்பலில் வரும். தூள் உனக்கும் சேர்த்துத்தான்.

வேளைக்குச் சாப்பிடு.
ஹேரான்


9 அக்டோபர் 2006
சியோலுக்குத் தெற்கே, படப்பிடிப்புக் கிராமம்

ஹேரானுக்கு,

நான் இன்றும் செத்தேன். காலையில் ஈட்டி குத்தி, மாலையில் மதில்மேலிருந்து கொட்டிய எண்ணெயில். மற்றபடி சுகம். முழங்கால் பரவாயில்லை. அப்பாவின் இருமலுக்கு மாத்திரை அனுப்பியிருக்கிறேன், பாங் அத்தையிடம் மறக்காமல் கேட்டு வாங்கு.

இந்தப் படத்தில் நான் படையெடுத்து வந்த சீனத்துத் தாங் படைவீரன். சீன மொழியில் ஒழுங்காக அலறத் தெரிந்தவன் என்பதால் என்னை எப்போதும் முன்னால் நிறுத்துகிறார்கள். முதலில் அலறுகிறேன், முதலில் சாகிறேன். உங்கள் ஊர்ப் படத்தில் அரசன் குனிகிறான். இங்கே அதே வம்சத்து அரசன் எதற்கும் குனியக் கூடாது. குதிரையிலிருந்து இறங்கும்போதுகூடத் தலை தாழக் கூடாதென்று படிக்கட்டு வைத்து இறக்குகிறார்கள். கடைசிக் காட்சியில் அவன் வடக்கே கைநீட்டி, “அந்த மண் நம்முடையது, நம் பிள்ளைகள் திரும்பி வருவார்கள்” என்பான். அவன் கை நீட்டுகிற இடத்தில் அப்பாவின் சோளக்கொல்லை இருக்கிறது என்று உதவி இயக்குநரிடம் சொன்னேன். அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

“யான்பியன்காரா, நீ பேசறத கேட்டா வடகொரியா ரேடியோ கேக்கற மாதிரியே இருக்குடா,” என்றார்.

சீனத்துக் கொரியர்கள் எல்லோரையும் இங்கே யான்பியன்காரன் என்றுதான் கூப்பிடுகிறார்கள். அவர்களுக்கு நான் கொரியன் இல்லை, சீனாக்காரன். சாப்பாட்டு மேசையில் என் இடம் வாசலோரம், செருப்புகளுக்குப் பக்கத்தில். குழம்பு என்னிடம் வந்து சேரும்போது முள்ளங்கி மட்டும் மிஞ்சியிருக்கும்.

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். வயிறு வலிக்கச் சிரித்தேன். தூதர் பிணம் மாதிரி உட்கார்ந்து வாங்கிக்கொண்டாரா? அப்பா “பேசாம விழு” என்றாரா? நம் அப்பாவா?

நீ எப்போதும் பயப்படுகிறவள். இந்த முறை பயப்படாமல் சிரி.

அப்பாவைப் பார்த்துக்கொள்.
சாங்ஹோ


20 நவம்பர் 2006

அண்ணா,

ஆற்றின் ஓரங்களில் பனிக்கட்டி கட்டத் தொடங்கிவிட்டது. மாத்திரை வந்தது, அப்பா நன்றாகத் தூங்குகிறார். உன் அறையில் தரைச்சூடு வேலை செய்கிறதா?

யாரிடமும் சொல்லாதே என்று கேட்டிருந்தேன். உன் கடிதத்தில் அதற்குப் பதில் இல்லை. மறந்திருப்பாய்.

குழு கிளம்பிப் போய்விட்டது. முற்றத்தைப் பிரித்தபோது கிராமத்தார் பலகைகளைக் கோழிக்கூண்டுக்கு எடுத்துப் போனார்கள். ப்யோ மாமா அரசனின் சிம்மாசனத்துக் கைப்பிடியைக் கதவில் பொருத்தியிருக்கிறார். வசந்தகாலத்தில் படம் வெளியாகும். நேற்று லுவான் என்னைக் கூப்பிட்டு, “உன் பேரையும் போடச் சொல்லியிருக்கேம்மா. சடங்கு ஆலோசகர்னு வரும். உங்க ஆளு ஒருத்தர் பேரு இருந்தா படத்துக்கும் நல்லது,” என்றார். அவர் நல்ல மனிதர்தான். அம்மா இறந்தபோது எனக்குச் சம்பளத்தோடு விடுப்புக் கொடுத்தவர். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன், நன்றி என்று வந்தது.

நேற்று கூட்டம் இல்லை. ஓவியக் கல்லறைக்குள் தனியாக நின்றிருந்தேன். சுவரில் வேட்டைக்காரர்கள் குதிரையில் திரும்பி அம்பு விடுகிறார்கள். இதை வரைந்தவன் சீனனா கொரியனா என்று தினமும் யாராவது கேட்கிறார்கள். சீன மொழியில் கேட்பவர்களுக்கு ஒரு பதில், கொரிய மொழியில் கேட்பவர்களுக்கும் அலுவலகம் எழுதிக் கொடுத்த அதே பதில். நான் படித்தவரை அந்த அரசர்கள் ஒரு ஆண்டு பட்டம் வாங்கினார்கள், மறு ஆண்டு படையெடுத்தார்கள். வேண்டியபோது தலை தாழ்த்தினார்கள், வேண்டாதபோது இல்லை. எல்லா அரசர்களும் அப்படித்தான். இது படத்துக்கு உதவாது. உங்கள் படத்துக்கும்தான்.

சாகும்போது முழங்காலில் விழாதே, பக்கவாட்டில் விழு.
ஹேரான்


17 டிசம்பர் 2006

ஹேரானுக்கு,

சின்னக் கடிதம்தான், பாங் அத்தை கப்பலுக்கு அவசரப்படுகிறார். அப்பாவுக்குக் கையுறை, உனக்குக் கழுத்துத்துணி. குளிர் பரவாயில்லையா?

நல்ல செய்தி. போன வாரம் எனக்கு ஒரு வசனம் கொடுத்தார்கள். “இவர்கள் மனிதர்கள் இல்லை, புலிகள்” என்று சொல்லிவிட்டுச் சாகிறேன். சீன மொழியில்தான். சாப்பாட்டு மேசையிலும் இப்போது நடுவில் உட்கார வைத்திருக்கிறார்கள். உதவி இயக்குநரே எனக்குச் சோஜு சாராயம் ஊற்றினார், மரியாதையாக இரண்டு கையாலும். இங்கத்து ஆட்கள் பழகினால் நல்லவர்கள்தான்.

வேறு விசேஷம் ஒன்றும் இல்லை.
சாங்ஹோ


20 பிப்ரவரி 2007

அண்ணா,

புது வருடம் நல்லபடி பிறந்தது. உனக்கும் உடம்பு நலமாக இருக்கட்டும். அரிசிப் பிட்டு சூப்பில் அப்பா உனக்கென்று ஒரு கிண்ணம் எடுத்து வைத்தார், ஆறிய பிறகு அவரே சாப்பிட்டார். கையுறை அளவாக இருக்கிறது.

புத்தாண்டு அன்று இரவு தொலைக்காட்சியில் படத்தின் விளம்பரம் வந்தது. எல்லோரும் நம் வீட்டில்தான் கூடியிருந்தோம், பெரிய பெட்டி நம்மிடம் இருப்பதால். இசை எழுந்தது. அரசன் விழுந்தான், எழுந்தான், மறுபடி விழுந்தான். பின்னால் நம் ஊரே விழுந்தது. ப்யோ மாமி, “அதோ என் வீட்டுக்காரரோட பின்பக்கம்,” என்றார். சிரிப்பு கொஞ்ச நேரம் நீடித்தது, பிறகு அடங்கிவிட்டது.

“சின்னதா தெரியும்னு நெனச்சேன். இவ்ளோ பெருசா தெரியுதே,” என்றார் ப்யோ மாமா.

“அவங்களுக்குத் தெரியவா போகுது?” என்றார் மாமி.

“அக்கரைல தெரியும். சியோல்ல தெரியும். அங்க ஒருத்தன் சிரிச்சா போதும், இங்க அதிகாரி வந்து ஏன் சிரிச்சான்னு கேப்பான்.”

அப்பா எழுந்து பெட்டியை அணைத்தார்.

டிசம்பரில் உன்னை மேசை நடுவில் ஏன் உட்கார வைத்தார்கள் அண்ணா? அந்த வசனத்துக்காக மட்டும் இருக்காது. சும்மா கேட்கிறேன்.

பதில் எழுது. பாங் அத்தை மாதம் முடிவதற்குள் திரும்புவார்.
ஹேரான்


14 மார்ச் 2007

அண்ணா,

பாங் அத்தை வெறுங்கையோடு வந்தார். நீ படப்பிடிப்பில் இருந்தாய், எழுத நேரமில்லை என்றாய் என்றார். உடம்புக்கு ஒன்றுமில்லையே?

நாங்கள் நலம். மாகாணத்திலிருந்து இரண்டு பேர் வந்து என்னோடு பேசினார்கள். மரியாதையாக நடத்தினார்கள். தேநீர் கொடுத்தார்கள், சூரியகாந்தி விதை கொடுத்தார்கள். அதில் பெண் அதிகாரி என் வயதுதான் இருப்பாள், என் கழுத்துத்துணி அழகாக இருக்கிறது, எங்கே வாங்கியது என்று கேட்டாள்.

சியோல் செய்தித்தாள் ஒன்றின் துண்டை மேசைமேல் வைத்தார்கள். அவர்களுக்குக் கொரிய மொழி தெரியாது என்றும், நானே படித்துச் சீன மொழியில் சொன்னால் உதவியாக இருக்கும் என்றும் சொன்னார்கள். படித்தேன். தலைப்பு, ‘சீனப் படத்தில் தூதருக்கு இறுதி மரியாதை’. சிரிப்பாகத்தான் எழுதியிருந்தார்கள், நல்ல நடை. எங்கும் நிறுத்தாமல் மொழிபெயர்த்தேன். கடைசிப் பத்தியில் ஒரு வாக்கியம் வந்தபோது மட்டும் தண்ணீர் குடித்தேன். அந்த வாக்கியத்தை இங்கே எழுதவில்லை. அது யார் சொன்னது என்று உனக்குத் தெரியும்.

“வேற தாள்லயும் இது வந்திருக்கு. எங்ககிட்ட மொழிபெயர்ப்பு ஏற்கெனவே இருக்கு,” என்றார் ஆண் அதிகாரி நான் முடித்ததும். “நீங்க ஏதாவது விட்டுட்டுப் படிக்கறீங்களான்னு பாத்தோம். விடல. நல்லது.”

பிறகு கிராமத்துக்குப் போய் ஒவ்வொரு வீடாகக் கேட்டார்கள். எல்லோரும் ஒரே பதில்தான் சொன்னார்களாம். “தலை கவுந்திருந்துச்சு சார், எத்தன தடவன்னு எண்ணல.”

குளிர் இன்னும் விடவில்லை. வெளியே போகும்போது காதை மூடிக்கொள்.
ஹேரான்


28 மார்ச் 2007

ஹேரான்,

இந்தக் கடிதத்தை டிசம்பரிலேயே எழுதியிருக்க வேண்டும்.

நவம்பர் கடைசியில் மேசையில் பேச்சு உங்கள் படத்தைப் பற்றி வந்தது. உதவி இயக்குநர் சொன்னார், “அந்தப் பக்கம் இருக்கறவனுங்க பூரா மண்டி போட்டே பழகினவனுங்க. சோறு போட்டா யாருக்கு வேணா விழுவானுங்க.” சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். “நீ தப்பா எடுத்துக்காதப்பா.”

ஒரு வருடம் செருப்புகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தப்பாக எடுத்துக்கொள்ளாமல் இருந்தேன். அன்று முடியவில்லை. “எங்க ஊரு விழுந்தது ரெண்டு தடவ சார். சொல்லிக்கொடுத்தது எந்தங்கச்சி,” என்றேன். ஒரு நிமிடம் யாருக்கும் புரியவில்லை. பிறகு மேசையே சிரிப்பில் அதிர்ந்தது. ஒருவர் என் முதுகில் தட்டினார். ஒருவர் எழுந்து எனக்கு இடம் விட்டார். “அடேய், நீ நம்மாளுடா,” என்றார் உதவி இயக்குநர். அந்த வார்த்தையை இந்த நாட்டில் யாரும் என்னிடம் சொன்னதில்லை.

எனக்கு ஊற்றியவர்களில் ஒருவர் பத்திரிகைக்காரர். அப்போது தெரியாது. விளம்பரம் வந்த பிறகு அவர் என்னைத் தேடி வந்து, “அன்னைக்குச் சொன்னியே, அத இன்னொரு தடவ சொல்லு,” என்றார். அப்போது தெரியும். தெரிந்தும் சொன்னேன். உன் பெயரைச் சொல்லவில்லை, ஆனால் சொல்லாமல் என்ன மிச்சம்? படத்தில்தான் பெயர் வரப்போகிறதே.

இங்கேயும் முடிந்துவிட்டது. தயாரிப்பாளர்கள் இந்தப் படத்தைச் சீனத்துக்கும் விற்க நினைக்கிறார்களாம், தகராறு வேண்டாம் என்றார்கள். என் வசனத்தை வெட்டிவிட்டார்கள். இப்போது கட்டட வேலைக்குப் போகிறேன், கம்பி கட்டுவது. மேசையில் இடம் விட்டவர்கள் யாரும் தொலைபேசியை எடுப்பதில்லை.

நான் கிளம்பி வருகிறேன். அதிகாரிகளிடம், நான் குடித்துவிட்டுக் கதை கட்டினேன், தங்கைக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்கிறேன்.

சாங்ஹோ


11 ஏப்ரல் 2007

அண்ணா,

வராதே. இதை முதலில் எழுதுகிறேன். வந்தால் உன் கடவுச்சீட்டை வாங்கி வைத்துக்கொள்வார்கள். அதன் பிறகு நீ வெளியே போக முடியாது.

சுகமாக இருக்கிறேன். அப்பாவும்தான்.

உன்மேல் கோபம் இருந்தது. மேசையில் நடந்ததைப் படித்த பிறகு அது இருக்கிறதா என்று தேடிப் பார்க்கிறேன். அந்தச் சந்தோஷம் எனக்கு வந்ததுதான் உனக்கும் வந்திருக்கிறது. நான் வாயை மூடி அனுபவித்தேன், நீ திறந்து. 

போன திங்கள் லுவான் என்னைத் தன் வீட்டுக்குக் கூப்பிட்டார். அலுவலகத்துக்கு இல்லை. அவர் மனைவி பூரணக் கொழுக்கட்டை செய்திருந்தார்.

“படத்த வெட்ட மாட்டாங்கம்மா,” என்றார். “வெட்டுனா தப்புன்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். அப்ப படம் சரின்னு ஆகணும். நீ ஒரு அறிக்கைல கையெழுத்துப் போடணும். இந்த மாவட்டத்துல உயிரோட இருக்கற பெரியவங்களுக்கும் ரெண்டு தடவ விழற வழக்கம் பழங்காலத்துலேருந்து இருக்கு. அவ்ளோதான்.”

“அப்படி ஒரு வழக்கம் இல்லையே சார்.”

“இல்லன்னு எனக்கும் தெரியும். இருவது வருஷம் உங்க ஆளுங்களோட இருக்கேன்.”

“நான் எழுதினா அதுதான் வரலாறு ஆயிடும். நாளைக்கு யாராவது படிப்பாங்க.”

“யாரும்மா படிக்கப் போறாங்க? சாப்பிடு, ஆறுது.”

கிளம்பும்போது வாசல்வரை வந்தார். “உங்க ஊருலேருந்து நெறைய பேரு சியோல் பக்கம் வேலைக்குப் போறாங்க இல்ல? இந்த வருஷம் எத்தன பேருக்குக் கடவுச்சீட்டு புதுப்பிக்கணும்?” என்றார். மிரட்டவில்லை. வருத்தத்தோடுதான் கேட்டார். அவரிடமும் யாரோ அப்படித்தான் கேட்டிருக்க வேண்டும்.

ப்யோ மாமாவின் மகள் சியோலுக்குப் பக்கத்தில் இன்சானில் நோயாளிகளைக் கவனிக்கிறாள். அவள் அனுப்புவதில்தான் அந்த வீடு நடக்கிறது. அவள் கடவுச்சீட்டும் உன்னுடையதும் இலையுதிர்காலத்தில் முடிகிறது. எல்லாம் தெரிந்தும் கையெழுத்துப் போட என் கை போகவில்லை. இந்த ஓவியங்களுக்கு நடுவே நான் ஆறு வருடமாக நிற்கிறேன். அலுவலகம் கொடுத்ததைச் சொல்லியிருக்கிறேன், பாதி உண்மையைச் சொல்லியிருக்கிறேன், வாயை மூடியிருக்கிறேன். இல்லாத ஒன்றை உண்டு என்று எழுதிக் கொடுத்ததில்லை. எனக்கென்று மிச்சமிருப்பது அது ஒன்றுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மாதக் கடைசிவரை நேரம் கொடுத்திருக்கிறார்கள். மறுக்கப் போகிறேன் என்று அப்பாவிடம் நேற்றுச் சொன்னேன். அவர் முள்ளங்கி நறுக்கிக்கொண்டிருந்தார். “சரி,” என்றார்.

கம்பி கட்டும்போது தடித்த கையுறை போடு.
ஹேரான்


30 ஏப்ரல் 2007

மகன் சாங்ஹோவுக்கு அப்பா எழுதுவது.

நான் சுகம். இருமல் இல்லை. சோளம் விதைத்தாகிவிட்டது. எனக்கு எழுதிப் பழக்கமில்லை என்று உனக்குத் தெரியும்.

உன் தங்கை கையெழுத்துப் போட மாட்டாள். அவள் அம்மா மாதிரி. அதனால் நான் போய்ப் போட்டுவிட்டேன். லுவானிடம் கேட்டேன், யாராவது ஒருவர் சொன்னால் போதுமா என்று. வயதானவர் சொன்னால் இன்னும் நல்லது என்றார். நான் படிக்காதவன், நான் சொல்வதை யார் பெரிதாக எடுக்கப் போகிறார்கள். படித்தவள் பொய் சொன்னால்தான் அது நிற்கும். கிழவன் உளறினால் உளறல். அப்படித்தான் நினைத்தேன்.

போட்டோ எடுத்தார்கள். நல்ல சட்டை போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். உன் தாத்தா சொல்லிக் கேட்டேன் என்று எழுதச் சொன்னார்கள். அது எனக்குப் பிடிக்கவில்லை. அதையும் எழுதினேன்.

ஹேரானிடம் இன்னும் சொல்லவில்லை. அவளுக்குத் தெரிய வரும்.

நீ ஊருக்கு வர வேண்டாம். ப்யோ மகளுக்குச் சீட்டு வந்துவிட்டது. உன்னுடையதும் வரும் என்றார்கள். உன்மேல் எனக்கு ஒன்றுமில்லை. சாப்பாட்டு இடத்தில் ஒரு மனிதனை ஒரு வருடம் அப்படி உட்கார வைத்தால் ஏதாவது சொல்லத்தான் செய்வான்.

குடிப்பதைக் குறை.
அப்பா


19 ஆகஸ்ட் 2007

அண்ணா,

நான்கு மாதமாக நான் எழுதவில்லை, நீயும் எழுதவில்லை. நலமாக இருக்கிறாய் என்று பாங் அத்தை சொன்னார், இளைத்துவிட்டாய் என்றும் சொன்னார். உன் புதிய கடவுச்சீட்டை இந்தக் கடிதத்தோடு அனுப்புகிறேன். மழையில் நனையாமல் தாளில் சுற்றியிருக்கிறேன்.

அப்பா செய்ததை எனக்கு அப்பா சொல்லவில்லை. மே மாதம் காப்பகத்தின் இரண்டாவது கூடத்தில் ஒரு பலகை வைத்தார்கள். துணியை விலக்கியபோது அப்பாவின் முகம் இருந்தது, உன் கல்யாணப் பேச்சுக்குப் போட்டுப் போன சட்டையில். கீழே சீனத்திலும் கொரியத்திலும் அவர் சொன்னது. ‘மரபறிந்த மூத்தவர்’ என்று போட்டிருக்கிறார்கள். அன்று மாலை வீட்டில் இருவரும் குளிர்ந்த நூடுல்ஸ் சாப்பிட்டோம். காரம் போதுமா என்று கேட்டார். போதும் என்றேன்.

படம் இங்கே ஓடி முடிந்தது. உங்கள் படமும் அதே வாரம் அங்கே வெளியானது என்று கேள்விப்பட்டேன். இரண்டுக்கும் நல்ல கூட்டமாம். சியோலிலிருந்து வருகிற பயணிகள் பலகை முன்னால் நின்று படிக்கிறார்கள். முதலில் சிரித்தார்கள். இப்போது கோபப்படுகிறார்கள். ஒரு பெரியவர் கண்ணாடியைத் தட்டி, “இந்த ஆளு எந்த ஊரு துரோகி?” என்று என்னிடம் கேட்டார். “இந்த ஊருதான் ஐயா,” என்றேன். என் வேலை போகவில்லை. கூட்டம் வரும்போதெல்லாம் அந்தப் பலகையையும் படித்துக் காட்ட வேண்டும். காட்டுகிறேன்.

அப்பா ஊர்ச்சந்திப்புக்குப் போவதில்லை. அவரை யாரும் ஒன்றும் சொல்லிவிடவில்லை. எல்லா வீட்டுக்கும் சீட்டு வந்திருக்கிறது, எப்படிச் சொல்வார்கள்? ப்யோ மாமா மட்டும் தினமும் வந்து வாசலில் உட்கார்ந்து, வானிலை பேசிவிட்டுப் போகிறார்.

நேற்று நம் மாகாணத்தின் வடக்கே ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து ஆய்வு மாணவி ஒருத்தி வந்தாள். அமைதியான பெண், நிறையப் படித்தவள். பலகையைக் கவனமாகப் பார்த்தாள், பிறகு படம் எடுத்தாள். இந்த வழக்கத்தைப் பற்றி வேறு எங்கும் சான்று கிடைக்கவில்லை, இதைத்தான் தன் ஆய்வேட்டில் காட்டப் போவதாகச் சொன்னாள். அடிக்குறிப்பில் தகவல் தந்தவரின் பெயர் பிழையில்லாமல் வர வேண்டும், எந்தச் சீன எழுத்துகளில் எழுதுவது என்று கேட்டாள்.

அப்பாவின் பெயரை எழுதிக் கொடுத்தேன்.